கால் நனைக்க முடியாத ஏரிகள்

ஹைதராபாதில் குடித்தனம் நடத்தும் தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் ஒரு பட்டியல் மனப்பாடம். ஊரிலிருந்து உறவு ஜனம் வந்தால் முதல் நாள் சார்மினார், இரண்டாம் நாள் கோல்கொண்டா, மூன்றாம் நாள் ராமோஜி ஃபிலிம் சிட்டி. நாலாம் நாள் பர்ஸ் காலியாகி இருக்கும் என்பதால் கண்டிபேட்டை ஏரிக்கரை :-)

எங்கள் ஜாகை ராமச்சந்திராபுரம். கோதாவரிப் பக்கம் இதே பேரில் இன்னொரு ஊர் இருக்கிறது, அது இல்லை. இது பி.எச்.இ.எல். தொழிற்சாலை இருக்கிற ராமச்சந்திராபுரம். இங்கிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் கண்டிபேட்டை கூப்பிடு தூரம் மாதிரிதான். அதனால் என் மாமியார் ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு நடை அங்கே போவது வழக்கமாகிவிட்டது. அவர் திருவாரூர்க்காரர். கமலாலயத்தில் முங்கி எழுந்து வளர்ந்தவர். முதல் தடவை அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: "என்ன மாப்ளே, இத்தனாம் பெரிய ஏரியை வெச்சுக்கிட்டு கால் நனைக்கக்கூட விடமாட்டேங்கறாங்களே. கரையில உக்காந்து சோளக்கதிர் திங்கறதுக்கா இதைக் கட்டினாங்க?"

நியாயமான கேள்வி. சொல்லப்போனால் இந்த ஊரில் யாருமே கேட்காத கேள்வி. ஹைதராபாதைச் சுற்றி மனிதன் கட்டிய ஏரிகள் ஏராளம். அவற்றைச் சுற்றிப் பூங்கா, படகு, பஜ்ஜிக்கடை எல்லாம் உண்டு. இறங்கிக் குளிக்கக்கூடிய பெரிய ஏரி மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. ஏன் என்று தேடிப் போனால் நானூற்றறுபது வருஷத்துச் சரித்திரம் விரிகிறது.

குளமா, ஊருணியா, ஏரியா?

நம்ம ஊரில் நீர்நிலைகளுக்கு வேலையை வைத்துத்தான் பேர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குளிப்பதற்குக் குளம். ஊர் உண்ணும் தண்ணீருக்கு ஊருணி. ஏர்த்தொழிலுக்கு ஏரி. இந்தச் சொல்லாராய்ச்சி இலக்கணப்படி சரியா என்று பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நடைமுறையில் ரொம்ப உபயோகமான பிரிவு இது. ஊருணியில் யாரும் கால் வைக்கமாட்டார்கள், மாட்டைக் குளிப்பாட்ட விடமாட்டார்கள். குளத்தில் எல்லாம் நடக்கும்.

குளிக்கிற குளம் என்றால் சின்னது என்று நினைக்க வேண்டாம். திருவாரூரில் கோயிலுக்கு ஐந்து வேலி என்றால் குளத்துக்கும் ஐந்து வேலி என்று ஒரு வழக்கு உண்டு. ஒரு வேலி சுமார் ஆறரை ஏக்கர். அப்படியானால் கமலாலயம் முப்பது ஏக்கருக்கு மேல். மன்னார்குடியில் இருக்கிற குளத்தின் அளவைப் பார்த்து அதற்கு ஹரித்ரா நதி என்று நதி என்றே பேர் வைத்துவிட்டார்கள். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டினார். ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஆயிரம் அடி. வைகையிலிருந்து தண்ணீர் வரப் பாதை, நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் கல் படிக்கட்டு, தைப்பூசத்துக்குத் தெப்பத் திருவிழா. செயற்கையாக வெட்டிய குளியல் ஏரி, அதைச் சுற்றிப் பொழுதுபோக்கும் இடம் என்று இன்றைக்கு யாராவது திட்ட அறிக்கை எழுதினால் ஏறக்குறைய இதைத்தான் எழுதுவார்கள்.

தெலங்கானாவும் இந்த விஷயத்தில் நமக்கு அந்நியம் இல்லை. நாம் ஏரி என்பதை இவர்கள் செருவு என்கிறார்கள். காகதீயர் காலத்து ராமப்பா, பாக்கால் ஏரிகள் இன்றும் இருக்கின்றன. இங்கத்திப் பெரிய பண்டிகையான பதுக்கம்மாவில் பூக்களை அடுக்கடுக்காகக் கட்டி, சுற்றி நின்று கும்மி கொட்டிப் பாடி, கடைசி நாளில் செருவில்தான் விடுவார்கள்.

1908, செப்டம்பர் 28

கண்டிபேட்டை ஏரியின் உத்தியோகப்பூர்வப் பேர் உஸ்மான் சாகர். அது யாரும் குளிக்கவோ பிக்னிக் போகவோ கட்டிய ஏரி இல்லை. அது பிறந்ததற்குக் காரணம் ஒரு பெரும் சாவு.

இப்போது பழைய ஊருக்குள் போகும்போது மூசி ஆற்றைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோம். 1908 செப்டம்பர் கடைசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் அதே மூசி ஊரையே விழுங்கியது. ஆற்றுக்கு மேல்பக்கம் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த 788 குளம் குட்டைகளில் 221 உடைந்தன. ஒன்று உடைந்து அடுத்ததை உடைக்க, அது அதற்கடுத்ததை உடைக்க, மொத்தமும் திரண்டு செப்டம்பர் 28 அன்று நகருக்குள் வந்தது. அஃப்சல் பாலம், முசல்லம் ஜங் பாலம், சாதர்காட் பாலம் மூன்றும் போயின. குதுப் ஷாஹி காலத்துப் பழைய பாலமான புரானா புல் மட்டும் நின்றது. செத்தவர்கள் குறைந்தது 15,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தார்கள். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் தன் அரண்மனைக் கதவுகளை அகதிகளுக்குத் திறந்துவிட்டார்.

அஃப்சல்கஞ்ச் உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு புளியமரம் இருக்கிறது. அன்றைக்கு அதன் கிளைகளில் ஏறிக்கொண்டு 150 பேர் பிழைத்தார்கள் என்று சொல்கிறார்கள். உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி அந்த வெள்ளத்தில் தாய், மனைவி, மகள் மூவரையும் கண்ணெதிரே பறிகொடுத்தார். அவர் மட்டும் தப்பினார். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 28 அன்று அந்த மரத்தடியில் சிலர் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். உஸ்மானியா பக்கம் போகிறவர்கள் ஒரு தடவை அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். சார்மினாருக்குக் குறைவில்லாத சரித்திரச் சின்னம் அது.

விஸ்வேஸ்வரய்யா போட்ட கணக்கு

அந்தச் சமயம் பம்பாய் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்தார் எம். விஸ்வேஸ்வரய்யா. நிஜாம் அரசாங்கம் அவரைக் கூப்பிட்டது. 1909 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியவர், அக்டோபரில் அறிக்கை கொடுத்தார். கரையை உயர்த்திக் கட்டினால் மட்டும் போதாது, நகருக்கு மேலேயே வெள்ளத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது அவர் முடிவு. மூசிக்கு மூசா, ஈசி என்று இரண்டு கிளைகள். இரண்டிலும் ஓர் அணை.

கவனிக்க வேண்டிய விஷயம், அதே திட்டத்தில் ஆற்றங்கரையைச் சாலையும் பூங்காவுமாக மாற்றவும், நகருக்குப் பாதாளச் சாக்கடை போடவும் சேர்த்தே சொன்னார். அதாவது வெள்ளத்தடுப்பு, கழிவுநீர், உலாவும் இடம் மூன்றும் ஒரே கணக்கின் மூன்று வரிகள். பின்னால் வந்தவர்கள் மூன்றாவது வரியை மட்டும் ஆசையாகப் படித்தார்கள் என்பது இந்த ஊரின் சோகம்.

ஏழாவது நிஜாம் உஸ்மான் அலி கான் காலத்தில், 1920-ல் மூசாவின் குறுக்கே உஸ்மான் சாகர் முடிந்தது. 1927-ல் ஈசியின் குறுக்கே, இளவரசர் பேரில் ஹிமாயத் சாகர். முதலாவது 3.9 டி.எம்.சி., இரண்டாவது ஏறத்தாழ 3 டி.எம்.சி. இரண்டும் வெள்ளத்தைத் தடுக்கவும் செய்யும், நகருக்குக் குடிதண்ணீரும் கொடுக்கும். கண்டிபேட்டைத் தண்ணீர் ஆசிஃப்நகர் சுத்திகரிப்பு நிலையம்வரை கால்வாயில் தானாகவே ஓடிவரும். மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. மேடான இடத்தில் ஏரியைக் கட்டிப் பள்ளத்தில் இருக்கும் ஊருக்குத் தண்ணீர் விடுகிற பழைய புத்தி.

அந்தத் தண்ணீரின் ருசி பற்றி ஹைதராபாதில் ஒரு பேச்சு உண்டு. கண்டிபேட்டைத் தண்ணி குடித்தவன் இந்த ஊரை விட்டுப் போகமாட்டான் என்பார்கள். "ரெண்டு வருஷ டெபுடேஷன் சார்" என்று வந்து பிள்ளைகளை இங்கேயே கட்டிக்கொடுத்த நம்ம மக்களைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது ;-)

ஆக மாமியாரின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. கண்டிபேட்டை குளம் இல்லை, ஊருணி. ஊர் குடிக்கிற தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. அதோடு அணைக்கட்டு ஏரியில் ஆழம் எங்கே எப்படி மாறும் என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போய் இறங்கிச் செத்த வாலிபர்களின் செய்தி பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. சேறு காலைப் பிடித்தால் நீச்சல் தெரிந்தவனும் தப்புவது கஷ்டம்.

இன்னொரு ஏரி, இன்னொரு காரணம்

அப்படியானால் ஊருக்கு நடுவில் இருக்கும் ஹுசைன் சாகர்? அது இப்போது குடிதண்ணீர் இல்லையே, அதில் இறங்கலாமே? இறங்க நினைக்கிறவர்கள் முதலில் ஒரு மாலை நேரம் கரையில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள் :-(

ஹுசைன் சாகர் சார்மினாரைவிட வயசில் மூத்தது. சார்மினார் 1591. ஏரி 1560-களில், இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில், ஹுசைன் ஷா வலி என்ற சூஃபிப் பெரியவர் மேற்பார்வையில் கட்டப்பட்டது. மூசியிலிருந்து பல்காப்பூர் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்தது. 1930 வரை நகரின் ஒரு பகுதி இந்தத் தண்ணீரைக் குடித்தது. இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

உஸ்மான் சாகர் தண்ணீர் வந்ததும் இந்த ஏரியைக் குடிநீர் வேலையிலிருந்து விடுவித்தார்கள். ஆரம்பித்தது வினை. குடிக்கிற தண்ணீர் என்ற பயம் போனதும் காவலும் போனது. சனத்நகர், பாலாநகர், ஜீடிமெட்லா என்று வடமேற்கில் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. குகட்பல்லி நாலா ஆலைக் கழிவையும் வீட்டுச் சாக்கடையையும் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டியது. மற்ற நாலாக்களும் சும்மா இருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் தண்ணீர் கெடக் கெடக் கரை அழகாகிக்கொண்டே வந்தது. டேங்க் பண்ட் மேல் தெலுங்குப் பெரியவர்களின் சிலைகள். என்.டி. ராமாராவ் ஆசைப்பட்ட ஒற்றைக்கல் புத்தர் சிலையைப் படகில் ஏற்றிக் கொண்டுபோகும்போது 1990 மார்ச் 10 அன்று படகு கவிழ்ந்து ஆட்கள் இறந்தார்கள். சிலை இரண்டு வருஷத்துக்கு மேல் ஏரியின் அடியில் கிடந்து 1992 டிசம்பரில் எழுந்து நின்றது. 1994-ல் லும்பினி பூங்கா. பிறகு நெக்லஸ் ரோடு, படகுச் சவாரி, சாப்பாட்டுக் கடைகள். ஒவ்வொன்றும் நல்ல விஷயம்தான், நானும் குடும்பத்தோடு போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டவன்தான். ஆனால் கரைக்குச் செலவு செய்த வேகத்தில் கால்வாய்க்குச் செலவு செய்திருந்தால் ஏரி பிழைத்திருக்கும். 2006-ல் ஜப்பான் கடனுதவியோடு சுத்தப்படுத்தும் திட்டம் தொடங்கியது. சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள், சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், வண்டல் அள்ளினார்கள். நாற்றம் முன்பைவிடக் குறைந்தது உண்மை. குளிக்கிற நிலைக்கு வரவில்லை என்பதும் உண்மை.

ஆக ஹைதராபாதின் இரண்டு பெரிய ஏரிகளில் ஒன்றில் தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கால் வைக்கக்கூடாது. இன்னொன்றில் தண்ணீர் கெட்டுவிட்டதால் கால் வைக்க முடியாது.

குளிக்கிற தண்ணீர் என்றால் சும்மாவா?

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டை வைத்து ஏ, பி, சி என்று வகை பிரித்திருக்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு செய்து குடிநீராக்கும் தண்ணீர் சி வகை. அதில் 100 மில்லி லிட்டருக்குக் கோலிஃபார்ம் கிருமிகள் 5,000 வரை இருக்கலாம். திறந்த வெளியில் குளிக்கிற தண்ணீர் பி வகை. அதில் 500-க்கு மேல் போகக்கூடாது. குடிநீருக்கு எடுக்கும் தண்ணீரைவிடக் குளிக்கிற தண்ணீருக்குப் பத்து மடங்கு கண்டிப்பு!

முதலில் தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். யோசித்தால் நியாயம் புரியும். குடிநீருக்கு எடுப்பதை வடிகட்டிக் குளோரின் போட்டுக் கொடுக்கிறோம். குளத்தில் முங்குகிற குழந்தையின் வாய்க்கும் மூக்குக்கும் போகிற தண்ணீரை யார் வடிகட்டுவது? அதனால் ஒரு ஊரின் ஏரியில் குளிக்க முடிகிறது என்றால் அந்த ஊரின் சாக்கடை, ஆலை, குப்பை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். நம் பாட்டிமார் குளத்தில் குளித்ததைப் பழைய காலத்து ஏழ்மை என்று நினைக்கிறோம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் அது பெரிய ஆடம்பரம். (எல்லாக் குளமும் அப்படிச் சுத்தமாக இருந்தது என்று சொல்லவில்லை. நரம்புச் சிலந்தி நோய் படிக்கிணறுகளிலும் குளங்களிலும் பரவிய கதை நம்ம நாட்டுக் கதைதான்.)

கெட்ட ஏரி கெட்டதுதான் என்றும் இல்லை. லண்டன் ஹைட் பார்க்கில் இருக்கிற சர்பென்டைன் ஏரியும் செயற்கைதான். 1730-ல் வெஸ்ட்போர்ன் ஓடையைத் தடுத்து உண்டாக்கினார்கள். நகரம் வளர வளர அந்த ஓடை சாக்கடையானது. 1834-ல் ஓடைத் தொடர்பையே துண்டித்து வேறு தண்ணீர் விட வேண்டிவந்தது. அதே ஏரியில் 1864-ல் நீச்சல் கழகம் தொடங்கியது. 1930-ல் ஜார்ஜ் லான்ஸ்பரி என்ற தொழிற்கட்சி அமைச்சர் ஏழை எளியதுகளும் ஆண் பெண் பேதமில்லாமல் குளிப்பதற்கு அங்கே துறை அமைத்துக்கொடுத்தார். 2012 ஒலிம்பிக்கில் திறந்தநீர் நீச்சல் போட்டியே அதில்தான் நடந்தது. லண்டனில் இருக்கும் நம்ம மக்கள் கோடையில் குழந்தைகளைக் கூட்டிப்போகிற இடம்தான் இது. சாக்கடையிலிருந்து ஒலிம்பிக் வரை ஒரு ஏரி வர முடியும். முதல் காரியம் சாக்கடையை நிறுத்தியது, கரையில் பெஞ்ச் போட்டது அப்புறம்.

யார் இறங்கலாம் என்பதும் சரித்திரம்தான்

குளம் என்றதும் உருகிப் போகிறோமே, ஒன்றையும் மறக்கக்கூடாது. நம் குளங்களின் படிக்கட்டு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஹிமாயத் சாகர் கட்டி முடிந்த அதே 1927-ல், மார்ச் 20 அன்று, மஹாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் சவுதார் குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தார். பொதுக் குளத்தை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று 1923-லேயே பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டிருந்தும் அங்கே விடவில்லை. தண்ணீர் குடித்ததற்கு அடி விழுந்தது, பிறகு குளத்தைச் சடங்கு செய்து "சுத்தம்" செய்தார்கள். வழக்கு 1937-ல்தான் அவர்கள் பக்கம் முடிந்தது. நம்ம மாநிலத்துக் குளக்கரைகளிலும் இதே கதைகள் உண்டு.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், குழாயில் வந்த கண்டிபேட்டைத் தண்ணீருக்கு இந்த ஒரு பெருமை உண்டு. குழாய்க்குப் படிக்கட்டு கிடையாது. ஏரியைக் காவல் காத்து, குழாய் வழியாக அனைவருக்கும் கொடுப்பது என்பது குளத்தைவிட ஒருவகையில் மேலான ஏற்பாடு. அந்தக் காவல் நிற்கும்வரை.

ஜி.ஓ. 111

காவல் எப்படி இருந்தது என்று பார்ப்போம். 1990-களில் ஹிமாயத் சாகர் பக்கத்தில் பெத்தஷாபூரில் ஒரு எண்ணெய் ஆலை வர இருந்தது. அதைத் தடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதிர் பேராசிரியர் எம்.வி. நாயுடு என்ற அந்த வழக்கின் 1999, 2000 தீர்ப்புகள் இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் முக்கியமானவை. கெடுதல் வரும் என்று நிரூபிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கெடுதல் வராது என்று காட்டுவது ஆலை வைக்கிறவர் பொறுப்பு என்ற கொள்கையை அதில் வலுவாகச் சொன்னார்கள். வழக்கின் மையத்தில் இருந்தது 1996 மார்ச் 8-ல் வந்த ஜி.ஓ. 111. இரண்டு ஏரிகளையும் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் ஆலை, பெரிய ஹோட்டல், அடுக்குமாடி கூடாது. 84 கிராமங்கள், சுமார் 1,32,000 ஏக்கர்.

அந்தக் கிராமத்துக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் கச்சிபௌலியில் நிலம் கோடிகளில் போகும்போது இந்தப் பக்கம் மகள் கல்யாணத்துக்கு விற்க முடியவில்லை. நகரம் குடிக்கிற தண்ணீருக்காகக் கிராமம் ஏழையாக இருக்க வேண்டுமா என்று கேட்டார்கள். அதே நேரம் பண்ணைவீடு என்ற பேரில் வசதியானவர்கள் அதே மண்டலத்தில் மதில் கட்டிக்கொண்டதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சட்டம் ஏழை விவசாயியைத் தடுத்தது, பங்களாக்காரரை அவ்வளவாகத் தடுக்கவில்லை.

கிருஷ்ணா தண்ணீர் 2004-லும் கோதாவரித் தண்ணீர் 2015-லும் நகருக்கு வந்துவிட்டன. இரண்டும் நூறு கிலோமீட்டருக்கு மேலிருந்து பம்ப் செய்து வருகிறவை. இனிமேல் இரட்டை ஏரிகளை நம்பி நகரம் இல்லை என்ற காரணத்தோடு 2022 ஏப்ரலில் ஜி.ஓ. 69 மூலம் தெலங்கானா அரசு அந்தத் தடையை விலக்கியது. 2023 மே மாதம் அமைச்சரவை முழு ரத்துக்கே முடிவெடுத்தது. வழக்குகளும் வாதங்களும் அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. அதே 2022 அக்டோபரில் கண்டிபேட்டைக் கரையில் அழகான புதுப் பூங்கா திறந்தார்கள். 2024-ல் ஹைட்ரா என்ற புது அமைப்பு வந்து ஏரி எல்லைக்குள் இருந்த கட்டடங்களை இடித்தது.

வரிசையைக் கவனியுங்கள். குடிநீருக்கு வேண்டாம் என்ற முடிவு, காவல் தளர்வு, கரையில் பூங்கா. 1930-க்குப் பிறகு ஹுசைன் சாகர் நடந்த பாதை இதேதான். பூங்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. மக்கள் ஏரிக்கரைக்கு வந்தால்தான் ஏரி அவர்களுடையது என்று தோன்றும். பூங்காவுக்குப் பின்னால் சாக்கடைக் குழாய் வந்துவிடக்கூடாது என்பதுதான் கவலை.

இன்னொன்று, இந்த ஏரிகள் வெறும் குடத்துத் தண்ணீர் இல்லை, வெள்ளத்துக்கான காலியிடமும்கூட. குடிநீருக்கு ஏரி நிரம்பி இருக்க வேண்டும், வெள்ளத்தடுப்புக்குக் கொஞ்சம் காலியாக இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்தபோது சென்னையில் சொந்தக்காரர்களுக்கு இரவெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்த நமக்கு இது விளக்க வேண்டியதில்லை. ஹைதராபாதில் 2020 அக்டோபரிலும் ஏரி மதகுகளைத் திறந்தார்கள். 2025 செப்டம்பர் கடைசி வாரத்தில், அதாவது 1908 வெள்ளம் வந்த அதே வாரத்தில், திறந்தபோது மூசிக் கரையில் இருக்கிற மகாத்மா காந்தி பஸ் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஊருக்குப் பஸ் பிடிக்க நம்மில் எத்தனையோ பேர் நின்ற அதே இடம். ஏரியைச் சுற்றி ஒவ்வொரு ஏக்கரும் சிமெண்ட் ஆகும்போது மழைத்தண்ணீர் முன்னைவிட வேகமாக ஏரிக்குள் வரும். அதைத் தாங்க வேண்டிய காலியிடத்தில் வீடு இருந்தால் தண்ணீர் எங்கே போகும்?

நாம் வந்தேறிகள்தானே, நமக்கென்ன?

இந்தக் கேள்வியை நண்பர் ஒருவர் கேட்டார். நாளைக்கே சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றல் ஆகிவிடும், இந்த ஊர் ஏரி பற்றி நமக்கு ஏன் கவலை என்று. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துத்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அதோடு, இந்த ஏரிக்கரை நிலத்தை வாங்குகிறவர்களில் நாமும் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் "ஏரி பார்த்த ஃபிளாட்" விளம்பரம் வந்தால் முதலில் வட்டம் போடுகிறவன் வெளியூரிலிருந்து வந்த சம்பளக்காரன்தான்.

அதனால் சில யோசனைகள், கேட்டால் கேளுங்கள். இங்கே மனை வாங்கும்போது விலை, வாஸ்து, ஸ்கூல் தூரம் எல்லாம் விசாரிக்கிற மாதிரி, ஏரியின் முழு நீர்மட்ட எல்லைக்குள் வருகிறதா என்றும் வருவாய் வரைபடத்தில் பாருங்கள். எஃப்.டி.எல். என்று கேட்டால் இங்கே எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். கண்டிபேட்டை போனால் பிளாஸ்டிக் தட்டையும் மீந்த புளிசாதத்தையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்க அடம் பிடித்தால் வெறுமனே அதட்டாமல் ஏன் கூடாது என்று சொல்லுங்கள். புளியமரத்தில் தொங்கிப் பிழைத்த 150 பேர் கதையை எங்கள் வீட்டு வாண்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டது.

கோடை லீவுக்கு ஊருக்குப் போகும்போது திருவாரூரோ மன்னார்குடியோ மதுரையோ, எது பக்கமோ அங்கே குளத்தில் தண்ணீர் இருந்தால் பிள்ளைகளை ஒரு தடவை படியில் இறக்கிவிடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டுதான், பாசி வழுக்கும். ஓர் ஏரி எப்படி இருக்க வேண்டும் என்பது உடம்புக்குத் தெரிந்தவர்கள்தான் நாளைக்குக் கெட்டுப்போன ஏரியைப் பார்த்து இது சரியில்லை என்று சொல்வார்கள். ஹுசைன் சாகர் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட மட்டும் பழகிய பிள்ளைகளுக்கு அது தெரிய வழியில்லை.